கேமராவுக்குப் போன ஐந்து வோல்ட்

அந்தக் கேமரா என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதற்குள் இருந்த பேட்டரி பொரித்த அப்பளம் மாதிரி உப்பிப்போயிருந்தது. உப்பிய பேட்டரியை வைத்துக்கொண்டு எதையும் இயக்கக் கூடாது. துணைமின் நிலையங்களில் வேலை பார்த்த காலம் முழுவதும் இப்படிப்பட்ட விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான். ஆகவே அதைக் கழற்றி, மணல் நிரப்பிய டப்பாவில் புதைத்து, மேலே தேதி எழுதி ஒட்டினேன். பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "மனுசன் செத்தாக்கூட இவ்வளவு முறையா அடக்கம் பண்ண மாட்டாங்க" என்றாள்.

ஓய்வு பெற்றவனுக்குப் புதுக்கோட்டையில் இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. காலையில் நடக்க வேண்டும். மாலையில் அடுத்தவனுடைய சர்க்கரை அளவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டும் எனக்குக் குமட்டியதால், ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் ஒன்றைத் தெர்மோகோலில் கட்டினேன். அன்னவாசல் பக்கம் வறண்டு கிடந்த கண்மாய்களில் அதைப் பறக்கவிட்டுப் பழகினேன். அதில் கேமரா பொருத்தும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. அந்த எண்ணத்தை உண்டாக்கியது நிலம்.

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் என் மனைவிக்கும் அவள் தங்கைக்கும் பிறந்த வீட்டு நிலம் கொஞ்சம் உண்டு. சாகுபடி செய்வது தங்கையின் கணவர், அதாவது என் சகலை. வளைகுடாவில் ஏசி பழுது பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். அந்த நிலத்துக்குக் கண்மாய்த் தண்ணீர்தான் கதி. கண்மாய்க்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துவாரி ஒரு முந்திரித் தோப்புக்குள் புகுந்து வருகிறது. தோப்புக்காரர் உள்ளே எங்கோ மண்ணைக் கொட்டி வாரியை அடைத்து, தண்ணீரைத் தன் பண்ணைக்குட்டைக்குத் திருப்பிக்கொண்டார் என்று ஊரே பேசியது. பார்த்தவர் ஒருவரும் இல்லை. கம்பி வேலி, இரண்டு நாய்கள், கேட்டில் பூட்டு. சாவி எப்போதும் வேறு ஊரில் இருக்கும்.

சகலை நாற்றங்கால் விட்டு இருபது நாள் ஆகியிருந்தது. மடையடியில் தேங்கிய தண்ணீரில் நாற்று பிழைத்துக் கிடந்தது. மழை தொடங்குவதற்குள் வாரி திறந்தால் கண்மாய் நிறையும், நடலாம். திறக்காவிட்டால் அந்த வருடச் சாகுபடி அவ்வளவுதான். தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அலுவலர் நேரில் வந்து பார்ப்பதாகத் தேதி சொன்னார். கூடவே ஒன்றும் சொன்னார்: "அடைப்பு இருக்கறத கண்ணால காட்டுங்க சார், பூட்டை ஒடைச்சாவது தொறந்து விடறேன். சும்மா சந்தேகத்துக்காகத் தோப்புக்குள்ள நொழைய முடியாது."

கல்யாணங்களுக்கு ட்ரோன் விடும் ஸ்டுடியோக்காரரைக் கேட்டோம். தோப்புக்காரர் வீட்டில் தை மாதம் கல்யாணமாம், அந்த ஆர்டர் அவருக்குத்தானாம். சிரித்தபடியே மறுத்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் வாய் கசக்கிறது.

ஆகவே என் விமானம். என் கேமரா. இரண்டுக்கும் பொருந்தும் விதிகளைப் படித்து, காவல் நிலையத்தில் தகவல் கடிதம் கொடுத்து, முத்திரையோடு நகலும் வாங்கிக்கொண்டேன். மிச்சமிருந்த கேள்வி ஒன்றுதான். உள் பேட்டரி இல்லாத கேமராவுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?

சகலையிடம் பதில் தயாராக இருந்தது.

"பழைய செல்போன் பேட்டரி ஒண்ணு வீட்ல கெடக்கு சகலை. இதுவும் அதுவும் ஒரே வோல்டேஜ்தான். ரெண்டு வயரைப் பத்த வச்சு கேமரா முதுகுல ஒட்டி விட்ருவோம்."

"எடை?"

"ஒரு தேங்காச் சில்லு கனம் வருமா?"

"மூக்குல தேங்காச் சில்லைக் கட்டிக்கிட்டு விமானம் பறக்காது சகலை."

"நான் வந்த விமானத்துல சனம் டிவியே தூக்கிட்டு வந்துச்சு. அது பறந்துச்சே."

என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. விமானத்தின் எடை எந்த இடத்தில் சமன்படுகிறது என்பது நகைச்சுவை அல்ல என்று ஒரு சிறிய பிரசங்கம் செய்தேன். மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரி ஏற்கெனவே விமானத்தில் இருக்கிறது. ரிமோட் சமிக்ஞையை வாங்கும் ரிசீவருக்காக அதிலிருந்து ஐந்து வோல்ட் தனியாக வருகிறது. அந்த ரிசீவரில் ஒரு துளை சும்மா கிடக்கிறது. கேமராவின் சார்ஜர் துளைக்கு வேண்டியதும் ஐந்து வோல்ட்தான். மெல்லிய ஒயர் ஒன்று போதும். எடை ஏறாது, ஒட்டு வேலை கிடையாது. இறக்கையை அசைக்கும் சின்ன மோட்டார்கள் மின்சாரத்தை இழுக்கும்போது வோல்ட் தணிந்து கேமரா அணைந்துவிடக் கூடாதே என்று, கண்ணிமைக்கும் நேரம் தாங்கிக்கொடுக்க ஒரு கெப்பாசிட்டரும் சேர்த்துப் பற்றவைத்தேன்.

"நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றார் சகலை. அதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிறகு ஒரு பட்டியல் தயாரித்தேன். பறப்பதற்கு முன், பறக்கும்போது, இறங்கிய பின் என்று பத்து வரிகள். தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சகலை கையில் கொடுத்தேன். அவர் படிக்க நான் செய்வது என்று ஏற்பாடு.

அலுவலர் வரும் நாள் காலையில் இரண்டு முறை சோதனைக்குப் பறக்கவிட்டேன். கேமராவை ஏற்றியிருந்தேன், ஓட்டவில்லை. எடை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். இருந்தது. என்னிடம் இருந்த பேட்டரி மூன்று. இரண்டு சோதனையில் தீர்ந்துவிட்டன. மூன்றாவது முழுதாக இருந்தது. அலுவலர் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு கேமராவை ஓடவிட்டேன். சிவப்பு விளக்கு சிமிட்டியது. சகலை வரப்பில் ஓடிவந்து விமானத்தை வீசினார்.

அது பறந்த அழகைச் சொல்ல எனக்கு இப்போது விருப்பமில்லை. தோப்பின் மேல் நான்கு முறை சுற்றி வந்தது. நான் விமானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்ததைப் பார்க்கும் வேலை கேமராவுக்கு. பிறகு கண்மாய்த் தரையில் புல் மேல் சறுக்கி வந்து நின்றது.

சகலை பட்டியலைப் படித்தார். "எட்டு. பெரிய பேட்டரியைக் கழற்றவும்."

கழற்றினேன். தரையில் நிற்கும் விமானத்தில் முதலில் செய்யவேண்டியது அதுதான். எங்காவது கை பட்டால் காற்றாடி சுழன்று விரலைச் சீவிவிடும். இணைப்பைத் துண்டிக்காமல் எதையும் தொடாதே என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"ஒம்பது. கேமரா பட்டனை அமுக்கிப் பதிவை நிறுத்தவும்." அவர் குனிந்து பார்த்தார். "நிறுத்த என்ன இருக்கு சகலை? இது ஏற்கெனவே செத்துல்ல கெடக்கு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாத அளவு மூடனாக இருந்திருந்தால் அலுவலர் வரும்வரையாவது நிம்மதியாகக் கழிந்திருக்கும். பட்டனை அழுத்தி நிறுத்தினால்தான் அந்தக் கேமரா எடுத்த படத்தைக் கோப்பாக முடித்து வைக்கும். நடுவில் மின்சாரம் போனால் எடுத்ததெல்லாம் குப்பை. உள்ளே பேட்டரி இருந்திருந்தால் அது தாங்கிப் பிடித்திருக்கும். அதை நான் அடக்கம் செய்துவிட்டேன். செல்போன் பேட்டரி இருந்திருந்தாலும் தாங்கியிருக்கும். அதைத் தேங்காய்ச் சில்லு என்று தள்ளிவிட்டேன். பெரிய பேட்டரியில்தான் கேமராவின் உயிர் இருக்கிறது என்ற ஏற்பாட்டைச் செய்தவனும் நான், பேட்டரியை எட்டிலும் பட்டனை ஒன்பதிலும் எழுதியவனும் நான். மெமரி கார்டை செல்போனில் போட்டுப் பார்த்தோம். ஒரு கோப்பு இருந்தது. அளவு, பூஜ்ஜியம்.

சகலை பட்டியலை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் நானும் ஏதாவது விதியைச் சொல்லித் திருப்பித் திட்டியிருப்பேன்.

அலுவலர் சொன்ன நேரத்துக்கு வந்தார். எல்லா நாளும் தாமதமாக வருகிறவர்கள் இப்படிப்பட்ட நாளில்தான் ஒழுங்காக வருவார்கள்.

"வீடியோ எங்க சார்?"

"பேட்டரி மூணும் தீந்துபோச்சு, இவரு வீட்ல சார்ஜ் போடணும். ஒரு மணி நேரம் இருந்தீங்கன்னா மறுபடி எடுத்துருவேன்."

"சாயந்தரத்துக்குள்ள இன்னும் மூணு ஊரு போகணும் சார். நீங்கதானே விட்டீங்க, நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். வாக்குமூலத்தில் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அவர் வேலியோரம் நடந்தார். நாய்கள் குரைத்தன. "அங்கிட்டு ஒண்ணும் தெரியலையே" என்றார். வண்டிச் சீட்டில் தாளை வைத்து, நேரடி ஆய்வில் அடைப்பு ஏதும் தெரியவரவில்லை என்று எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். சொன்னேன். "தங்கச்சி வீட்டுக்காரரு சொன்னதைக் கேட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பீங்க?" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பசியில்லாமல் அல்ல. என் விரல்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிய வேகம் அவற்றில் இன்னும் இருந்தது.

மூன்றாம் நாள் சகலை வீட்டுக்குப் போய் அந்தப் பழைய செல்போன் பேட்டரியைக் கேட்டு வாங்கினேன். கொடுத்தார். கேமராவின் முதுகில் ஒட்டினேன். மூக்கு கனத்தது. பெரிய பேட்டரியை இரண்டு விரற்கடை பின்னால் தள்ளினேன். சமன் ஆகிவிட்டது. நான் அவ்வளவு நேரம் பிரசங்கம் செய்த பிரச்சினை அரை நிமிடத்தில் தீர்ந்ததைச் சகலை பக்கத்தில் நின்று பார்த்தார்.

படம் கிடைத்தது. தெளிவாகவே கிடைத்தது. முந்திரி மரங்களுக்கு நடுவே வாரிக்குக் குறுக்காக ஆள் உயரத்துக்கு மண் மேடு, அதன் மேல் மணல் மூட்டைகள், பக்கத்தில் புதிதாக வெட்டிய வாய்க்கால் குட்டைக்குப் போகிறது. மேல்முறையீடு செய்தேன். எந்தப் பிரிவில், எத்தனை நகல், எந்த இணைப்பு என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருமுறை முடித்த மனுவை மறுபடி திறப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறைக்கு ஐந்து வாரம் பிடிக்கும் என்பதும் தெரியும்.

மழை ஐந்து வாரம் காத்திருக்கவில்லை. இரண்டு நாள் விடாமல் பெய்தது. தோப்புக்காரரின் குட்டை நிரம்பி வழிந்தது. எங்கள் கண்மாயில் நேராக விழுந்த மழை மட்டும் மாட்டுக் குளம்படிகளில் தேங்கி நின்றது. ஊரில் எங்கள் மடையை நம்பியிருந்த இன்னும் நான்கு வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தபோது மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

விசாரணைக்கு நேரில் வரச்சொல்லி அறிவிப்பு வந்ததும், அதை எடுத்துக்கொண்டு சகலையைத் தேடி வயலுக்குப் போனேன். நாற்றங்காலின் வரப்பில் உட்கார்ந்திருந்தார். நாற்று முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, மஞ்சள் பாய்ந்து, கணு விட்டிருந்தது. இனிப் பிடுங்கி நட்டாலும் பயனில்லை. உள்ளே அவருடைய ஆடுகள் நின்றன.

"அவுத்து விட்டுட்டேன் சகலை. வேற என்னத்துக்கு ஆகும்?"

அறிவிப்பை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"போயிட்டு வாங்க. அடுத்த வருசத்துக்காவது ஆகட்டும். வீடியோவை மட்டும் ரெண்டு எடத்துல எடுத்து வச்சுக்கங்க."

வைத்திருப்பதாகச் சொன்னேன். அவர் பேச்சில் குத்தல் இல்லை. நான் அங்கேயே நின்றேன். நாற்று முற்றிப்போயிருந்ததால் ஆடுகள் நுனியை மட்டும் கடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தன.