பச்சைப் பாவாடைச் சிறுமிக்கான அறிவிப்பு

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு பாபநாசத்தில் நான் உண்டாக்கியவற்றைச் சொல்கிறேன். வாடகை சைக்கிளில் ஒற்றை ஆம்ப்ளிஃபயரை வைத்து ஆரம்பித்த சவுண்ட் சர்வீஸ், அதற்குச் சொந்தக் கட்டடம், ஒரு லாரி, ஜெனரேட்டர் வண்டி, மாடி வீடு, இன்ஜினியருக்குப் படித்த இரண்டு பிள்ளைகள். எனக்கு யாரும் தொழில் சொல்லிக்கொடுக்கவில்லை. கருகிப்போன ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். தென்னை மரத்தில் ஏறி ஸ்பீக்கர் குழாய் கட்டும்போது விழுந்து, இடது கை ஒடிந்து, அந்தக் கையோடு மறுநாள் ஒரு கல்யாணத்துக்கு செட் போட்டவன் நான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் உண்டாக்கிய ஒன்று இருக்கிறது. அதை உலகமே கேட்டிருக்கிறது. ஆனால் அது என் வேலை என்று ஒருவருக்கும் தெரியாது.

சுனாமி வந்த மார்கழி முடிந்து, தை அறுவடை நடந்துகொண்டிருந்தது. நாகப்பட்டினத்துக் கரையில் எல்லாம் இழந்தவர்களுக்காகத் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கச்சேரி வைத்தார்கள். சென்னையிலிருந்து பெரிய பாடகி வந்தார். கச்சேரியைப் பதிவு செய்து சிடி போட்டு, விற்று வருவதையும் நிவாரணத்தில் சேர்ப்பது என்று ஏற்பாடு. பதிவுக்கென்று சென்னையிலிருந்தே ஓர் இன்ஜினியர் கம்ப்யூட்டரோடு வந்திருந்தார். மைக், ஸ்பீக்கர் எல்லாம் நம்முடையது. வழக்கம்போல நான் என் மேசையில் கேசட் டெக்கையும் மாட்டி வைத்திருந்தேன்.

"என்னங்க, இன்னும் கேசட்டா?" என்றார் இன்ஜினியர்.

"பழக்கம் சார். பேட்டரியில ஓடும்."

"டிராக்டர்லேருந்து கழட்டின பேட்டரியா? டிராக்டர் எங்க நிக்குது, வெளியிலயா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். எங்கள் பக்கத்துக் கரண்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? இரண்டாவது பாட்டில் அது போனது. கம்ப்யூட்டர் அணைந்தது. ஜெனரேட்டர் போட்ட பிறகும் அது எழுந்திருக்கவே இல்லை. என் மைக் ஓடியது, ஸ்பீக்கர் ஓடியது, கேசட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைய கச்சேரிக்கு உலகத்தில் இருக்கும் ஒரே பதிவு என்னுடையது. சிடியில் வந்தது அதுதான்.

கரையிலிருந்து ஒரு பஸ்ஸில் ஆட்களை அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு பாட்டு முடிந்த சமயம், அவர்களிலிருந்து ஒரு பெண் எழுந்து மேடைப் பக்கம் போகாமல் நேரே என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, புள்ளயக் காணும். மைக்ல சொல்லுங்க."

தொழில் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். திருவிழாவில் மைக் செட் மேசை என்பது பாட்டு போடுகிற இடம் மட்டும் இல்லை. தொலைந்த பிள்ளைகள் வந்து சேரும் இடமும் அதுதான். பெயர், வயது, உடுப்பு கேட்டு மைக்கில் சொல்லுவோம். கொஞ்சம் விட்டு மறுபடி சொல்லுவோம். பிள்ளை கிடைத்ததும், "தாயாரிடம் ஒப்படைக்கப்பட்டது" என்று சொல்லுவோம். அதைச் சொன்னால்தான் அந்த அறிவிப்பு முடிந்ததாகக் கணக்கு. மாதா கோவில் திருவிழாவோ மாரியம்மன் திருவிழாவோ, எல்லா ஊரிலும் இதுதான் முறை. அவளுக்கும் தெரிந்த முறை அதுதான்.

"பேரு சொல்லும்மா. என்ன உடுப்பு?"

அவள் தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னாள். மேசை மைக்கை எடுத்தேன். "நாகப்பட்டினத்திலிருந்து வந்திருக்கும் ஏழு வயதுச் சிறுமி, பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை, காதில் சிவப்புக் கல் தோடு. எங்கிருந்தாலும் மைக் செட் மேசைக்கு வரவும். அம்மா காத்திருக்கிறார்." பெயரையும் சொன்னேன். இங்கே எழுத மாட்டேன். அது கேசட்டில் இருக்கிறது.

முன்வரிசையிலிருந்து இன்னொரு பெண் ஓடி வந்தாள். அவள் பக்கத்து வீட்டுக்காரி.

"என்னண்ணே பண்ணிட்டீங்க. அந்தப் புள்ள அன்னைக்கே தண்ணியோட போயிருச்சு. உடம்பு கூடக் கிடைக்கல."

தாய் அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. "ரெண்டாந்தரம் சொல்லுங்கண்ணே," என்றாள் என்னிடம்.

விழாக் குழுக்காரர் ஒருவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே வந்தார். நான் மைக்கை எடுத்தேன். அன்று நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று இன்றுவரை பேசுகிறார்கள். முதல் தடவை தெரியாமல் சொன்னேன். இரண்டாம் தடவை தெரிந்தேதான் சொன்னேன். அதே பெயர், அதே பாவாடை, அதே தோடு. ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

மைதானத்தில் இருந்த அத்தனை பேரும், திருவிழாவில் செய்வதுபோலவே, தங்கள் பக்கத்தில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார்கள். ஒரு செருமல்கூட இல்லை. மேடையில் பாடகியும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வயலின் மிருதங்கம் எதுவும் சேராமல், தனியாகப் பாட ஆரம்பித்தார்.

அந்தப் பெண் கச்சேரி முடியும்வரை என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றாள். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தையே பார்த்தாள். பஸ் ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை.

"நான் போயிட்டா, வந்தா யாருண்ணே வாங்கிக்குவா?"

"நான் இருக்கேம்மா. நீ போ."

அதைக் கேட்ட பிறகுதான் பஸ் ஏறினாள்.

அன்றிலிருந்து அந்த வேலை என்னிடம் இருக்கிறது. எந்தக் கோவிலில் செட் போட்டாலும், மேசைக்கு நேரே யாராவது நடந்து வந்தால் முதலில் காதைப் பார்க்கிறேன். சில வருஷம் சின்னப் பெண்களைப் பார்த்தேன். பிறகு தாவணி போட்டவர்களை. இப்போது இடுப்பில் குழந்தையோடு வருகிறவர்களையும் பார்க்கிறேன். என் வீட்டில், "உங்களுக்குக் கிறுக்கு," என்பாள் மனைவி. இருக்கட்டும். மைக்கை சோதிக்க ஊதும்போது அந்தப் பெயர்தான் முதலில் வாயில் வந்து நிற்கிறது. விழுங்கிவிட்டு ஒன்று, இரண்டு என்கிறேன்.

சிடி வந்தது. அறிவிப்பு இரண்டையும் வெட்டிவிட்டு, அதன் பின்னால் இருந்த அமைதியை மட்டும் வைத்திருந்தார்கள். அந்த அமைதியும் அதன் பிறகு வரும் பாட்டும்தான் பேர் வாங்கின. பாடகி துக்கத்துக்காக விட்ட இடைவெளி அது என்று பத்திரிகையில் எழுதினார்கள். அட்டையில் ஒலிப்பதிவு என்ற இடத்தில் அந்த கம்ப்யூட்டர் இன்ஜினியரின் பெயர். டீ கொடுத்தவருக்கு நன்றி, நாற்காலி கொடுத்தவருக்கு நன்றி. நான் எங்குமே இல்லை.

அந்தத் தாய் ஒருநாள் கடைக்கு வந்தாள். யார் வீட்டிலோ சிடியைக் கேட்டிருக்கிறாள். "அதுல நாம சொன்னது வரலியேண்ணே," என்றாள். நாம் என்றாள்.

இப்போது அதையே புதிதாக இணையத்தில் விடப் போகிறார்களாம். அவர்களிடம் இருந்த பிரதி பூஞ்சை பிடித்துப் போயிற்று. போன மாதம் குழுவிலிருந்து ஓர் அம்மாள் காரில் வந்து என் கேசட்டைக் கேட்டார். உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். அறிவிப்பு வந்தபோது அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"ஐயா, மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கச்சேரிக்கு நடுவுல இது வந்தா, கேக்கிறவங்களுக்குப் புரியாதே. கடைசியில நன்றின்னு உங்க பேரைப் போட்டுடறோம்."

"டீக்காரருக்குப் பக்கத்திலயாங்க?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கேசட்டை நான் கொடுக்கவில்லை.

அவருக்கும் குழுவுக்கும் இங்கே சொல்லிவிடுகிறேன். அது யாரும் துக்கத்துக்காக விட்ட இடைவெளி இல்லை. பிள்ளை நடந்து வருவதற்காக நான் விட்ட நேரம். அறிவிப்பு இரண்டையும் இருந்த இடத்தில் வையுங்கள், கேசட் உங்களுடையது. ஒலிப்பதிவு, அறிவிப்பு என்று இரண்டுக்கும் என் பெயரைத் தலைப்பெழுத்தோடு போடுங்கள். கடை இருக்கும் தெருவையும் போடுங்கள். எங்கிருந்தாலும் மேசைக்கு வரவும் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டு வருகிறவள் யாரைத் தேடி வருவாள்?