மங்கம்மாவும் மூலையில் மாட்டிய ராஜாவும்

மானாம்பதி கூட்டு ரோட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, தகரக் கூரை போட்ட நாஷ்டா கடை மங்கம்மாவுடையது. காலையில் இட்லி, பூரி, பொங்கல். வெயில் ஏறுவதற்குள் பாத்திரமெல்லாம் காலியாகிவிடும். அதன் பிறகு கைப்பேசியைச் சட்னி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். புதிதாக வருகிறவர்கள் ஏதோ சீரியல் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் செஸ் ஆடிக்கொண்டிருப்பாள்.

எதிரே ஆடுகிறவர்கள் எந்தெந்த நாட்டுக்காரர்களோ, அவளுக்குத் தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கொடிதான் அடையாளம். "நேத்து ஒரு செவப்பு வெள்ளக் கொடிக்காரன் வந்தான்யா. அவன் ரெண்டு யானையும் புடுங்கினு அனுப்பிட்டேன்" என்று புருஷன் முனிரத்தினத்திடம் சொல்வாள். வாடகை டிராக்டர் ஓட்டும் முனிரத்தினத்துக்குச் செஸ்ஸில் யானை எது குதிரை எது என்று தெரியாது. ஆனாலும், "வுடாத, அவன் கொடியையும் புடுங்கினு வா" என்பான்.

கடை வைப்பதற்கு முன்னால் மங்கம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போய்க்கொண்டிருந்தவள். ஒருநாள் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து வலது கால் முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் படுக்கப் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ராஜகுளத்து ஜெயமணி. மாடிப்படியில் வழுக்கி விழுந்து தொடையில் பிளேட் வைத்திருந்தார்கள். ஏறக்குறைய ஒரே வயது. இருவருக்கும் எழுந்து நடக்க முடியாது. மின்விசிறி சுற்றுவதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை. ஜெயமணியின் புருஷன் ஒருநாள் சின்னக் காந்தச் செஸ் பலகை ஒன்றை வாங்கிவந்து கொடுத்தான். ஜெயமணி பள்ளிக்கூடத்தில் ஆடியவள். ஆடக் கூட்டாளி வேண்டுமே என்று மங்கம்மாவுக்குக் காய்களைச் சொல்லிக்கொடுத்தாள்.

முதல் வாரம் முழுக்க மங்கம்மா தோற்றாள். அடுத்த வாரம் ஜெயமணி, "இரு, நா யோசிக்கணும்" என்று சொல்ல ஆரம்பித்தாள். வார்டை விட்டுப் போகும்போது இருவரும் அழுதார்கள். கால் சரியானதற்கு அழுகிறார்களா என்று நர்ஸ் கேட்டாள்.

அன்று தொடங்கிய சினேகிதம் கைப்பேசியில் வளர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவர்கள் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. ஜெயமணி எத்தனையோ தடவை கூப்பிட்டாள்.

"ஒரு நா வூட்டுக்கு வாயேன் மங்கா. உத்திரமேரூர்லயும் காஞ்சிபுரத்துலயும் பஸ் மாறினா வந்துடலாம்."

"கடய யாரு பாப்பா?" என்பாள் மங்கம்மா. "மூட முடியாதும்மா."

கடை மட்டும் காரணமில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கட்டில் வித்தியாசமில்லை. ஒரே தட்டிலிருந்து பிஸ்கட் எடுத்தார்கள். ஆனால் ஜெயமணியின் வீடு தறிக்காரர்கள் வீடு, மாமியார் இருக்கிற வீடு. அங்கே போய், உள்ளே வா என்று சொல்வார்களா, வாசலோடு நிறுத்துவார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு இஷ்டமில்லை. அப்படி ஏதாவது ஆகிவிட்டால் ஜெயமணியுடன் பழையபடி பேச முடியாது. அதைவிட, கொடிக்காரர்களோடு ஆடிக்கொண்டிருப்பதே மேல்.

மங்கம்மாவின் ஆட்டத்தில் ஒரு குணம் உண்டு. ராணியை மட்டும் விடவே மாட்டாள். யாராவது ராணியை முறைத்துப் பார்த்தால்கூடப் பின்னால் இழுத்துவிடுவாள். தப்பித்தவறி ராணி வெட்டுப்பட்டால் அந்த ஆட்டத்தையே விட்டுவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விடுவாள். "உன் ராணிய பீரோல வெச்சிப் பூட்டிட்டு ஆடு" என்று ஜெயமணி கிண்டல் செய்வாள்.

அந்த ஜெயமணிதான் ஒரு சனிக்கிழமை ஒரு புதிர்ப் படத்தை அனுப்பினாள். பின்னாலேயே குரல் செய்தியும் வந்தது.

"மங்கா, நீதான் வெள்ளை. ரெண்டே மூவ்ல கருப்பு ராஜாவ முடிக்கணும். நீயே கண்டுபுடிச்சிட்டா, நா உன் கடைக்கு வந்து பூரி துன்றேன். முடிலன்னா நீ கடய மூடிட்டு எங்கூட்டுக்கு வா. ஆர் கிட்டயும் கேக்கக் கூடாது, போன்லயும் தேடக் கூடாது."

படத்தில் கருப்பு ராஜா பலகையின் மூலையில் ஒதுங்கியிருந்தது. அதன் முன்னால் இரண்டு சிப்பாய்கள், கதவும் தாழ்ப்பாளும் மாதிரி. பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் காலி. அதே வரிசையில் தூரத்தில் ஒரு கருப்பு யானை. மங்கம்மாவிடம் ராஜாவை நெருங்கிவிட்ட ஒரு குதிரையும், தூரத்திலிருந்து அந்தக் காலிக் கட்டத்தைக் குறி வைத்த ராணியும் இருந்தன. கொஞ்சம் ஏமாந்தால் அடுத்த நகர்த்தலில் கருப்பு அவளை முடித்துவிடும்.

படத்தில் இருந்தபடியே கைப்பேசிப் பலகையில் காய்களை அடுக்கி, இரண்டு பக்கமும் அவளே ஆடினாள். குதிரையால் ஒரு செக் கொடுத்துப் பார்த்தாள். ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்துகொண்டது. ராணியைத் தூரத்தில் வைத்தே மிரட்டிப் பார்த்தாள். அதற்குள் கருப்பு இவளை முடித்தது. ஞாயிற்றுக்கிழமை சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. திங்கட்கிழமை உப்பே விழவில்லை.

"இன்னாக்கா, வூட்ல எதனா பேஜாரா?" என்று கேட்டான் நந்தகுமார். தனியார் பஸ் கண்டக்டர். தினமும் அவளிடம்தான் நாஷ்டா.

"ராஜா ஒருத்தன் மூலைல குந்திகினு வர மாட்றான்."

"எந்த ராஜா? பால் சொசைட்டி ராஜாவா? பேசிப் பாக்கட்டுமா?"

மங்கம்மா சிரித்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பி வைத்தாள்.

புதன்கிழமை முகூர்த்த நாள். மாகறல் பக்கம் கல்யாணத்துக்குப் போகிற ஒரு வேன் கடைமுன் நின்றது. பட்டும் பூவும் சென்ட்டுமாக ஒரு கூட்டம் இறங்கி உள்ளே புகுந்தது. மாப்பிள்ளையின் மாமாவாம், தங்கச் சங்கிலி போட்ட ஒருவர், மரியாதையாக உள்மூலையில் போய் உட்கார்ந்தார். பின்னால் சுவர். முன்னால் மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் அவருடைய ஆட்கள் முழங்கை இடிக்க உட்கார்ந்துவிட்டார்கள். பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் அளவு இடம். மற்றவர்கள் அவர் மேல் உள்ள மரியாதையில் அதைக் காலியாக விட்டிருந்தார்கள்.

மங்கம்மா எண்ணெயிலிருந்து எடுத்த பூரிகளைத் தட்டோடு, வேறெங்கும் இடமில்லாததால், அந்தக் காலி இடத்துக்கு நேராக மேசையில் வைத்தாள். உப்பி நின்ற பூரியைப் பார்த்ததும், வாசலோரம் நின்றிருந்த பருத்த ஆள் ஒருவர் யாரையும் கேட்காமல் பெஞ்சை ஒட்டி நகர்ந்து வந்து, சரியாக அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மாமா பொங்கலில் கிடந்த மிளகாயைக் கடித்துவிட்டார். கண்ணில் தண்ணீர். எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"நவுருங்கபா! நா எய்ந்திருக்கணும்!"

"எங்க மாமா நவுர்றது? இடமே இல்லியே!"

"டேய் ராஜாராம், அந்த ஒரு வயிதாண்டா இருந்துச்சி! அங்கயும் நீயே வந்து குந்திட்டியேடா!"

ராஜாராம் வாய் நிறையப் பூரியுடன், "சூடா கீது மாமா, அதான்" என்றார். கடையே சிரித்தது. யாரோ தலைகளுக்கு மேலே தண்ணீர்ச் சொம்பைக் கைமாற்றிக் கொடுத்தார்கள்.

மங்கம்மா சிரிக்கவில்லை. கரண்டியோடு அப்படியே நின்றாள். மாமாவை அடைத்தது வெளியாள் இல்லை, அவருடைய சொந்த ஆட்கள். இருந்த ஒரு வழியையும் சொந்த ஆளே வந்து அடைத்துவிட்டான். அவன் எதற்காக வந்தான்? பூரித் தட்டு அங்கே இருந்ததால் வந்தான்.

"அக்கா, பூரி கருவுது!" என்று யாரோ கத்தினார்கள்.

வேன் போனதும் கைப்பேசியை எடுத்தாள். மூலையில் ராஜா. முன்னால் அதன் சிப்பாய்கள். பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். அந்தக் கட்டத்தில் அதன் யானையே வந்து உட்கார்ந்தால் ராஜாவுக்கு அசைய இடமில்லை. அப்போது குதிரையால் செக் கொடுத்தால் போதும். ஆனால் யானை சும்மா வராது. அங்கே எதையாவது வைக்க வேண்டும். அதுவும் ராஜாவுக்குச் செக் கொடுக்கிற காயாக இருக்க வேண்டும். அங்கே போகக்கூடியது அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"ராணியவா?" என்றாள் சத்தமாக.

விரலைக் கொண்டுபோனாள். திரும்ப எடுத்தாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். ராஜாவின் மடியிலேயே கொண்டுபோய் ராணியை வைப்பதா? ராஜாவே வெட்டிவிட்டால்? இல்லை, வெட்ட முடியாது. குதிரை அந்தக் கட்டத்தைக் காவல் காக்கிறது. யானைதான் வெட்டியாக வேண்டும். அதற்கு வேறு வழியே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ராணியை நகர்த்தினாள். யானை வந்து வெட்டியது. குதிரை தாவியது. ராஜா தன் ஆட்களுக்கு நடுவே மூச்சுவிட இடமில்லாமல் நின்றது.

மங்கம்மா எழுந்து கடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும். முனிரத்தினம் டிராக்டரை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்ததும் சொன்னாள்.

"ராணிய குட்த்துட்டேன்யா! குட்த்துட்டு ஜெயிச்சேன்!"

"ஆருக்குக் குட்த்த?"

விளக்கினாள். அவனுக்குப் புரிந்தது ராஜாராமும் பூரியும் மட்டும்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து, "சரி, அந்தம்மாவுக்குப் போன போடு. பந்தயத்துல நீதான ஜெயிச்ச? அவங்க வரட்டும்" என்றான்.

கைப்பேசியை எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டாள். ஜெயமணி சொன்ன சொல் தவறாதவள். கண்டிப்பாக வருவாள். தொடையில் பிளேட்டோடு பஸ் படி ஏறி, காஞ்சிபுரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறி, உத்திரமேரூரில் இறங்கி, மறுபடியும் பஸ் ஏற வேண்டும்.

"போன்ல சொன்னா அவ மூஞ்சி எப்டி ஆவுதுன்னு பாக்க முடியாது" என்றாள் மங்கம்மா. "நாளைக்கிக் கட கெடையாது."

"இன்னாது?" என்று முனிரத்தினம் சோற்றுக் கையோடு நிமிர்ந்தான்.

மறுநாள் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். செய்யாற்றுப் பாலம் தாண்டும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. காஞ்சிபுரம் நெருங்க நெருங்க, எதிரே திரும்பிப் போகிற பஸ்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். ராஜகுளத்தில் இறங்கி வழி கேட்டு நடந்தாள். தறிச் சத்தம் வந்த வீட்டு வாசலில் ஜெயமணியின் மாமியார் சொக்கம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆரும்மா?"

"ஜெயமணியப் பாக்க வந்தேங்க. மானாம்பதி. பேரு மங்கம்மா."

"மானாம்பதில எங்க? ஊர்லயா, காலனிலயா?"

வழியெல்லாம் எதிர்பார்த்து வந்த கேள்விதான். பதில் தானாக வந்தது.

"காலனிங்க."

கிழவி கண்ணைச் சுருக்கி அவள் மஞ்சள் சேலையைப் பார்த்தாள். மங்கம்மா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். அதற்குள் உள்ளேயிருந்து காலைச் சாய்த்துச் சாய்த்து ஜெயமணி வந்தாள். பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"மங்கா! தோத்துட்டியா?"

"ராணிய யானைக்குக் குட்த்தேன். குதிரைல முடிச்சேன்."

ஜெயமணியின் வாய் திறந்தபடி இருந்தது. அதைப் பார்க்கத்தான் மங்கம்மா இத்தனை தூரம் வந்தாள்.

"நீயா? நீயா ராணிய வுட்ட? அப்ப நாதான வரணும்? நீ எதுக்கு வந்த?"

"வந்துட்டேன். இப்ப இன்னா, திரும்பிப் போவட்டா?"

ஜெயமணி அவள் கையைப் பிடித்து, மாமியாரைத் தாண்டி, நடுக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கட்டிலில் உட்காரவைத்தாள். தன் தட்டில் பாதி, அவள் தட்டில் பாதி என்று சோறு போட்டாள். நடுவில் அந்தப் பழைய காந்தப் பலகை. சொக்கம்மாள் உள்ளே வந்தாள், இருவரையும் பார்த்தாள், பின்கட்டுக்குப் போனாள். ஜெயமணி அதைக் கண்டுகொள்ளாமல் சிப்பாயை நகர்த்தினாள்.

இரண்டாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது கிழவி மறுபடியும் வந்து தூணருகே நின்றாள். வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரு ஜெயிக்கிறது?" என்றாள் கடைசியில்.

"இவதான் அத்த" என்றாள் ஜெயமணி.

"நம்மூட்டுக்கு வந்து நம்மளயே ஜெயிக்கிறாளா?" என்று கேட்டுவிட்டு, கிழவி நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இப்போது மங்கம்மாவின் கடைக்கு வியாழக்கிழமை விடுமுறை. ஒரு வாரம் அவள் போகிறாள். ஒரு வாரம் ஜெயமணியை அவள் புருஷன் வண்டியில் கொண்டுவந்து விடுகிறான். சொக்கம்மாள் இன்னும் மங்கம்மாவிடம் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அவள் போகாத வாரம், "அந்தச் செஸ்ஸுக்காரி வரலியா?" என்று கேட்கிறாளாம். நந்தகுமாருக்குத்தான் வியாழக்கிழமை கஷ்டம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, அங்கே சட்னியா ஊற்றுகிறார்கள், குளத்துத் தண்ணீர் என்று வெள்ளிக்கிழமை முழுக்கப் புலம்புகிறான்.