லூர்து அக்காவின் மடி அளவு

வெள்ளி, காலை 9.35. சிங்கப்பூரில் எட்டு மணிக்கு ஏறி, நாலு மணி நேரம் பறந்து, இரண்டரை மணி நேரம் பின்தங்கிய நம்ம ஊர் நேரத்துக்குத் திருச்சியில் இறங்கினோம். வழி முழுக்க எனக்கு ஒரே யோசனை: சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் என்ன சொல்வது? உள்ளே துணிமணி கிடையாது, சாக்லேட் கிடையாது. பிளைவுட் பலகைகள், சுருட்டிக் கட்டிய ஃபோம், நீல ரெக்சின், பெல்ட், ஒரு டப்பா நிறையப் போல்ட்டு. திறக்கத்தான் சொன்னார்கள்.

"என்னங்க இது?"

"நாற்காலி சார். ஆறு நாற்காலி. பிரிச்சுக் கொண்டாந்திருக்கோம்."

"ஏன், நம்ம ஊருல நாற்காலி கெடைக்காதா?"

அதிகாரி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கூட வந்த மேடம் லிம் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து நீட்டினார். தானாக உட்கார முடியாத பிள்ளைகளைத் தாங்கி உட்காரவைக்கும் நாற்காலி என்று அதில் எழுதியிருந்தது. அதிகாரி படித்துவிட்டுப் பெட்டியை மூடச் சொன்னார்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் அறந்தாங்கிக்காரன். எட்டாவது பாதியில் படிப்பை விட்டு, கார் குஷன் தைக்கும் கடையில் சேர்ந்தவன். இப்போது சிங்கப்பூரில் சோபா கம்பெனியில் அதே வேலை. மேடம் லிம் ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உட்காரப் பழக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நாற்காலி செய்து, வெளிநாட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கும் இல்லங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். இந்தத் தடவை வந்தது மூன்று பேர்: நான், மேடம் லிம், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவர் கணவர். அவர்களுக்கு இது வெளிநாடு. எனக்கு என் ஜில்லா. அதனால் அளவு வாங்குவது, இல்லத்தோடு பேசுவது எல்லாம் என் பொறுப்பு.

வேன் வாடகை 3,200 ரூபாய். இல்லம் வரை எழுபது கிலோமீட்டர் சொச்சம். டிரைவர் செல்லத்துரை பெட்டியைத் தூக்கி மேலே கட்டும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"சிங்கப்பூர்லேருந்து வர்றவுக தங்கம் கொண்டாருவாக. நீங்க பலகை கொண்டாந்திருக்கீங்களேண்ணே."

"தங்கம்னா பிடிச்சிருப்பாங்க."

"அதுவும் சரிதான்."

கீரனூரில் டீ, பன்னிரண்டு ரூபாய். மிஸ்டர் லிம் மூன்று உளுந்த வடை சாப்பிட்டுவிட்டு நாலாவதைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். புதுக்கோட்டை தாண்டி ஆலங்குடி சாலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் தென்னையும் முந்திரியும். கடலை பறித்துப்போட்ட ஒரு கொல்லையில் பெண்கள் குத்தவைத்து ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மேடம் லிம் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் மேலே கட்டிய கயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பகல் 12.20. ஆலங்குடி தாண்டி நாலு கிலோமீட்டரில் இல்லம். இல்லத்தின் பெயர் போட வேண்டாம், பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம் என்று பொறுப்பாளர் எஸ்தர் டீச்சர் வாசலிலேயே சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தக் கட்டுரையோடு படம் இல்லை. ஓட்டுக் கட்டடம் ஒன்று, மாடிக் கட்டடம் ஒன்று, நடுவில் இரண்டு வேப்பமரம். பத்தொன்பது பிள்ளைகள். பாதிப் பேருக்குப் பெற்றவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. எட்டிப்பார்த்தவுடன் ஒருவன் வந்து என் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தான் கட்டிக்கொண்டான். மூன்று நாளும் நான் அவனிடம்தான் மணி கேட்டேன்.

சாப்பாட்டு நேரம். அங்கேதான் கார்த்திகாவைப் பார்த்தேன். பதினொரு வயது. கழுத்தும் முதுகும் நிற்காது, பேச்சு வராது. சிரிப்பு மட்டும் தாராளமாக வரும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் லூர்து அக்கா சுவரில் முதுகைக் கொடுத்துப் பாயில் உட்கார்ந்து, அவளை மடியில் வெளிப்பக்கம் பார்க்க வைத்து, பின்னாலிருந்து அணைத்துப் பிடித்திருந்தார். சமையல் செய்யும் பழனியம்மா முன்னால் உட்கார்ந்து ஊட்டினார். ஒரு தட்டுச் சோறு இறங்க முக்கால் மணி நேரம். அக்கா அவ்வளவு நேரமும் அசையவில்லை.

"தெனம் மூணு வேளையுமா அக்கா?"

"ஏழு வருசமா. வேற யாரு பிடிச்சாலும் வழுக்கிருவா." அக்கா எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். "போன மாசம் எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிருச்சு. ரெண்டு நாளு எந்திரிக்க முடியல. இவளுக்குப் படுத்த வாக்குல கஞ்சி குடுத்தாக. பொறையேறி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாக. அதான் தம்பி, ஒங்க நாற்காலி எப்ப வரும் எப்ப வரும்னு கெடந்தேன்."

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அடுத்த தடவை இடுப்பு பிடித்தால் என்ன ஆகும்?

மாலை 3.00. முதல் நாற்காலியை மாட்டி முடித்தோம். மிஸ்டர் லிம் போல்ட்டு முடுக்குவதில் கெட்டிக்காரர். கார்த்திகாவைத் தூக்கி வைத்தோம். வைத்த வேகத்தில் அவள் சறுக்கி, பெல்ட் கழுத்துக்கு வந்துவிட்டது. மேடம் லிம் பதறாமல் தூக்கிவிட்டு, இருக்கைப் பலகையை அளந்தார். பிறகு அவள் தொடையை அளந்தார். பலகை மூன்றரை அங்குலம் கூடுதல். முட்டி மடங்க இடமில்லை, அதனால்தான் சறுக்கல். மற்ற ஐந்தையும் அளந்தோம். எல்லாமே நீளம்.

என் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். 'இடுப்பிலிருந்து முட்டி வரை அளந்து அனுப்பவும்.' நான் அனுப்பியதுதான். அளவெடுத்து அனுப்பியது லூர்து அக்கா. இல்லத்துப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைப்பவர் அவர்தான்.

"நீங்க இடுப்புன்னீங்க தம்பி. நான் பாவாடைக்கு எடுக்குற மாதிரி எடுத்தேன். நாடா கட்டுற எடத்துலேருந்து."

எனக்கு வேண்டியது நாடா கட்டுகிற இடம் இல்லை. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பின்பக்கம் சுவரில் படுகிற இடத்திலிருந்து முட்டிக்குப் பின் மடிப்பு வரை. நான் குஷன்காரன், எல்லோருக்கும் அது தெரியும் என்று நினைத்துவிட்டேன். பாஸ்போர்ட்டை நாற்பது தடவை தொட்டுப் பார்த்தவன், பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டவன், இதை மட்டும் யோசிக்கவே இல்லை.

மேடம் லிம்மிடம் சொன்னேன். அவர் தமக்கும் அளவு கொஞ்சம் நீளமாகப் பட்டது என்றும், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வளர்த்தி போலிருக்கிறது என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். பிறகு திங்கட்கிழமை விமானம் என்பதை மட்டும் நினைவுபடுத்தினார்.

சனி, காலை 8.30. செல்லத்துரை வேனில் ஆறு பலகைகளோடு ஆலங்குடி மரக்கடைக்குப் போனோம். ரெக்சினை இரவே பிரித்து வைத்திருந்தேன். கடைக்காரர் கோடு எங்கே என்று கேட்டார். நான் கோட்டை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பலகையைக் கூட வெட்டிவிட்டால் ஒட்டவைக்க முடியாதே.

"அண்ணே, கல்யாணத்துக்கு நாள் பாக்குறவுக கூட இம்புட்டு நேரம் பாக்க மாட்டாக," என்றார் செல்லத்துரை.

வெட்டினார்கள். பலகைக்கு முப்பது, மொத்தம் 180 ரூபாய். வெட்டித் தள்ளிய துண்டுகளைப் போட்டுவிட மனம் வரவில்லை. ஒரு சாக்கில் கட்டிக்கொண்டேன்.

பொழுது சாய்வதற்குள் மறுபடி ரெக்சின் இழுத்து ஐந்து நாற்காலிகள் தயாராகிவிட்டன. ஐந்து பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். என் கடிகாரக்காரன் நாற்காலி நாற்காலியாக ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சரியில்லை என்பது போலத் தலையாட்டிவிட்டுப் போனான். கார்த்திகாவுடையதுதான் சரிப்படவில்லை. சறுக்குவது நின்றது. ஆனால் ஒரு நிமிடம் போனால் இடப்பக்கம் சாய்ந்து, தலை தொங்கி, வாயில் வைத்த தண்ணீர் அப்படியே வழிந்தது. இரண்டு பக்கமும் ஃபோம் வைத்தோம், எடுத்தோம், மாற்றினோம். மேடம் லிம்முக்கும் பிடிபடவில்லை. ஆறுக்கு ஐந்து சரி என்று மிஸ்டர் லிம் என் முதுகில் தட்டினார். ஆனால் பொறையேறிய பிள்ளைக்குத்தானே முதல் நாற்காலி.

ஞாயிறு, காலை 8.00. கார்த்திகாவுக்கு இட்லி. லூர்து அக்கா மடியில் வைத்துப் பிடித்தார், பழனியம்மா ஊட்டினார். நான் வேறு வேலை இல்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அக்காவின் கால் கண்ணில் பட்டது. வலது கால் நீட்டியிருந்தது. இடது முட்டியைக் கொஞ்சம் தூக்கி, அடியில் ஒரு தலையணையைச் சொருகியிருந்தார். பிள்ளையின் இடது இடுப்பு அந்தத் தொடைமேல் ஏறி இருந்தது. அக்காவின் இடது முழங்கை அவள் கக்கத்துக்குக் கீழே. அக்கா நேராகவும் உட்காரவில்லை. சுவரில் ஒரு கையகலம் பின்னால் சாய்ந்திருந்தார். நாங்கள் செய்திருந்தது ஆபீஸ் நாற்காலி மாதிரி நட்ட நேர்.

"அக்கா, எந்திரிக்காதீங்க. அப்படியே இருங்க. ஒங்கள அளக்கணும்."

"என்னய எதுக்கு?"

"பிள்ளைய அளந்தது போதும். ஏழு வருசமா நாற்காலி நீங்கதான்."

பழனியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அக்காவுக்கு ரவிக்கை தைக்கப் போறீகளாண்ணே?"

"சும்மா கெடடி," என்றார் அக்கா. அவருக்கு வெட்கம். எனக்கும்தான். கடைசியில் இஞ்ச் டேப்பைப் பழனியம்மா பிடித்தார், அக்கா எண்களைச் சொன்னார், நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். இடது தொடை தரையிலிருந்து ஏழு அங்குலம். வலது ஐந்து. முழங்கை தொடையிலிருந்து பன்னிரண்டில். சாய்மானம் மேலே நாலு. மேடம் லிம் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு லூர்து அக்காவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். அக்காவுக்கு எதற்கென்று புரியவில்லை.

சாக்கில் கட்டிவந்த துண்டுகளுக்கு வேலை வந்தது. இருக்கையைக் குறைத்தபோது மிஞ்சிய ஃபோமையும் அடுக்கி இடப்பக்கம் இரண்டு அங்குலம் தூக்கினேன். பலகைத் துண்டுகளை முன்கால்களுக்கு அடியில் அடித்து நாற்காலியைப் பின்னால் சாய்த்தேன். அக்காவின் முழங்கைக்குப் பதிலாக, இடப்பக்கம் பன்னிரண்டு அங்குல உயரத்தில் ஒரு உருளை, ரெக்சின் சுற்றி. ஸ்டேப்ளர் அடிக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் கார்த்திகா சிரித்தாள். அவளுக்காகத் தேவையில்லாத இடத்திலும் நாலைந்து அடித்தேன்.

பகல் 12.40. சோறும் ரசமும், முட்டை. அவளை உட்காரவைத்துப் பெல்ட் போட்டோம். லூர்து அக்கா நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு கையையும் விரித்து, தொடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஒரு நிமிடம். இரண்டு. தலை சாயவில்லை. பழனியம்மா முதல் வாய் கொடுத்தார். இறங்கியது. ஐந்தாவது வாய், பத்தாவது வாய். இருமல் இல்லை.

மேடம் லிம் அக்காவின் தோளைத் தொட்டு, முன்னால் போகும்படி கை காட்டினார். அக்கா என்னைப் பார்த்தார். "விட்டுறவா தம்பி?" என்றார். விடுங்க என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கைகளை மடக்கிக்கொண்டு, மண்டியிட்டபடியே சுற்றிவந்து பழனியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

கார்த்திகா வாயில் சோற்றை வாங்கி, ஒரு கண்ணை மட்டும் இறுக்கி மூடி, உதட்டை ஒரு பக்கம் இழுத்து, ரொம்ப யோசிக்கிறவள் மாதிரி வைத்திருந்து விழுங்கினாள். பிறகு கண்ணைத் திறந்தாள். அடுத்த வாய்க்கும் அதே மாதிரி.

"அடி கள்ளி," என்றார் லூர்து அக்கா. "ஒத்தக் கண்ண மூடிக்கிட்டா திம்பா இவ?"

"எப்பயும் அப்படித்தேன்," என்றார் பழனியம்மா.

"நீ சொன்னதே இல்லையே."

"ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். மடியிலயே வச்சிருக்கீங்க."

லூர்து அக்கா தட்டைப் பழனியம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ஒரு தட்டு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. ரசம் ஆறிப்போய், மறுபடி சூடு பண்ணி வந்தது.

மாலை 4.15. எனக்கு ஒரு ராத்திரி வீட்டுக்குப் போய்வர அனுமதி. ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் அறந்தாங்கி பஸ் ஏறினேன். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். உட்கார்ந்ததிலிருந்து புதுக் கவலை: போல்ட்டு தளர்ந்தால்? எஸ்தர் டீச்சருக்கு, திங்கட்கிழமைதோறும் முடுக்கவும் என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். இந்தத் தடவை எந்தப் போல்ட்டு, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதையும் சேர்த்து. பிறகுதான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். கீரமங்கலம் தாண்டியிருந்தது.

வீட்டில் என் மகள் ஆறரை மணிக்கே சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். ஏழு வயது. இரண்டு வருடமாக அவள் சாப்பிடுவதைத் தினமும் கைபேசியில் பார்க்கிறேன். பருக்கை ஒட்டுவது எந்தக் கன்னத்தில், எந்தக் கறியை ஒதுக்குவாள், எல்லாம் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டதும் அவள் என் இடது கைமேல் முழுக்கச் சாய்ந்துகொண்டாள். முகம் தெரியவில்லை. வகிடுதான் தெரிந்தது.

"எப்பவும் இப்படிச் சாஞ்சுக்கிட்டா சாப்பிடுவா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஆமா. என் கைதான் மரத்துப் போகும். இன்னைக்கு நீங்க தாங்குங்க."

கை மரத்துத்தான் போனது. என் சோற்றை வலது கையால் எட்டி எடுத்துச் சாப்பிட்டேன். அவள் முடிக்கும்வரை நகரவில்லை.