பொயிலர்த் தண்ணி திறக்கும் நேரம்

நேற்று கேத்தலுக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் வெள்ளையாய்ச் சுண்ணாம்புப் பொருக்கு. வேறொருவர் என்றால் புளி போட்டுத் தேய்த்துவிட்டுத் தேத்தண்ணி குடித்திருப்பார். நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். மனைவி சிரித்தாள். "கேத்தல் ஒண்டும் வெடிக்காது, பயப்படாம வாங்க." அவளுக்கென்ன, நான் எண்பதுகளில் ஒரு பொயிலரோடு குடித்தனம் நடத்தியவன்.

சம்மாந்துறையில் நெல் அவிக்கிற மில் அது. பின்வளவில், வெட்டவெளியில், விறகில் எரியும் பெரிய இரும்புப் பொயிலர். அதன் தண்ணீரைக் கவனிப்பது எனக்கும் நடராசாவுக்கும் வேலை. நடராசா பக்கத்துத் தமிழ் ஊரான வீரமுனைக்காரன். என் வயதுதான், பயப்படுவதில் மட்டும் எனக்கு இளையவன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீர். அப்படியே விட்டால் உள்ளே பொருக்குக் கட்டி இரும்பையே சுட்டுத் தின்றுவிடும். அதனால் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றுவோம். பொருக்கு சேறாகி அடியில் தங்கும். தினமும் அடி வால்வைத் திறந்து அதை வெளியே அடிக்க வேண்டும். காது கிழியும் சத்தம். எங்கள் பள்ளிவாசலில் அசர் தொழுகைக்கு அழைக்கும் வாங்கை அது அமுக்கிவிடக் கூடாதென்று, வாங்கு முடிந்த பிறகே திறப்போம். அதற்குக் காது கொடுப்பவன் நடராசா. "முடிஞ்சிட்டு மச்சான், திற" என்பான்.

பிறகு, சண்டை தொடங்கி, சத்தம் கேட்டாலே சனம் ஓடும் காலம் வந்தது. ஒருநாள் நாங்கள் திறக்க, குண்டென்று நினைத்து இரண்டு ஊரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டது. முதலாளி ஓடிவந்தார். "இனி அதத் திறந்தா உங்க ரெண்டு பேரையும் நெல்லோட போட்டு அவிப்பன்!"

திறக்கவில்லை. சோடாவை மட்டும் கூட்டினேன். பயம் வந்தால் என் கை தாராளமாகிவிடும். சில நாளில் உள்ளே தண்ணீர் சவர்க்காரம்போல நுரைத்து, மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் மேலும் கீழும் குதித்தது. விறகை வெளியே இழுத்துப் போட்டும் கொதி அடங்கவில்லை. தெரிந்த ஓதலையெல்லாம் ஓதினேன். நடுவில் பெருக்கல் வாய்ப்பாடும் வந்தது.

"சேத்த இறக்காட்டி வெடிக்கும்," என்றான் நடராசா. "சனத்துக்கு முதல்ல சொல்லுவம்."

"ஆரு சொல்ற?"

"உங்கட பள்ளியில ஸ்பீக்கர் இருக்குதானே. எங்கட பக்கம் நான் சைக்கிள்ல போறன்."

வாங்கு சொல்லும் மோதினாரிடம் ஓடினேன். ஸ்பீக்கர் கரகரத்தது. "மில்லுல பொயிலர்த் தண்ணி திறக்கப் போறாங்க. ஒருத்தரும் ஓட வாணாம்." ஊரில் ஒருவரும் ஓடவில்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடத் தயாராக நின்றவன் நான் ஒருவன்தான். நடராசா வரும்வரை வால்வைத் தொடவும் முடியாது.

வியர்த்து வழிய வந்தான். "எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். என்ட மகள் காதப் பொத்திக்கிட்டு நிக்கிறாள், கெதியாத் திற!"

திறந்தேன். செம்மண் நிறத்தில் சேறு சீறிப் பாய்ந்தது. இரண்டு ஊரும் அசையாமல் இருந்தன. அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று: எங்களுக்கு ஸ்பீக்கர், அவர்களுக்குச் சைக்கிள்.

சண்டை முற்றி, இரண்டு ஊருக்கும் நடுவிலும் நிலைமை கெட்டது. நடராசா வேலைக்கு வராமல் போனான். பொயிலருக்கு அதெல்லாம் தெரியுமா, மறுபடி நுரைத்தது. பள்ளியில் சொல்லிவிட்டு நானே சைக்கிளை எடுத்தேன். பயத்தில் வழியெல்லாம் மணி அடித்துக்கொண்டே போனேன். அவன் வீட்டுப் படலை திறந்து கிடந்தது. அடுத்த வீடும் அப்படியே. தெரு முடியும்வரை மிதித்தேன். சத்தத்துக்குப் பயப்பட அங்கே ஒருவரும் இருக்கவில்லை.