லாபத்தின் நான்கு மடங்கு

ஏ.எஸ்.ராவ் நகரில் என் வீட்டுக்கு நேர் மேலே ஓர் அக்கா இருந்தார். எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில், கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்த தமிழர். கணவர் இல்லை, மகன் புனேயில். நான் செய்தித்தாளின் வணிகப் பக்கத்துக்கு வீட்டிலிருந்தே எழுதுகிறேன். கூட யாரும் இல்லை. என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் ஒரே ஆள் அவர்தான்.

வீட்டை விற்றுவிட்டு வரும்படி மகன் சொல்லிக்கொண்டிருந்தான். அவருக்கு ஓய்வூதியம் கிடையாது. சேமிப்பின் வட்டி செலவுக்குப் போதவில்லை.

"வருமானத்துக்கு ஒரு வழி பண்ணிட்டேன்னா நான் எங்கயும் போக வேணாம்," என்று சொல்லி, பங்குச்சந்தையைப் படிக்க ஆரம்பித்தார்.

ஒரு காலை செல்போனோடு இறங்கி வந்தார்.

"இந்தக் கம்பெனியைப் பாரு. பி.இ. நாலுதான். இதே தொழில்ல மத்ததெல்லாம் இருபதுக்கு மேல. பாதிப் பணத்தை இதுல போடப்போறேன்."

பங்கின் விலையை, ஒரு பங்குக்குக் கம்பெனி ஓராண்டில் ஈட்டிய லாபத்தால் வகுத்தால் வருவது பி.இ. இங்கே விலை நாற்பது ரூபாய், லாபம் பத்து, ஆகவே நான்கு. எண் சிறியதென்றால் பங்கு மலிவு என்பார்கள்.

"செக் பண்ணீங்களா அக்கா?"

"என்ன கேள்வி இது? மூணு வெப்சைட்ல பாத்தேன். மூணுலயும் நாலு. ஒரே மீட்டரை நம்புற ஆளா நான்?"

ஆலையில் அதுதான் முறை. மூன்று கருவிகள் ஒரே அளவைக் காட்டினால் அளவு சரி. ஆனால் அந்த மூன்று தளங்களும், கம்பெனி தாக்கல் செய்த ஒரே கணக்கிலிருந்து எண்ணை எடுப்பவை. ஆண்டறிக்கையைத் திறந்தேன். பின்பக்கக் குறிப்புகளில், மல்லாபூரில் இருந்த பழைய ஷெட்டின் நிலத்தை அடுக்குமாடி கட்டுபவருக்கு விற்ற செய்தி சிறிய எழுத்தில் இருந்தது. பத்து ரூபாய் லாபத்தில் ஒன்பது அந்த விற்பனையில் வந்தது. தொழிலில் வந்தது ஒன்று.

"அதே நிலத்தை அடுத்த வருஷமும் விக்க முடியாதேக்கா. அதைக் கழிச்சுட்டா பி.இ. நாலு இல்ல, நாப்பது."

குறிப்பை அவரே இரண்டு முறை படித்தார்.

"நக்கோ. அப்ப இது நக்கோ," என்று அந்த ஊர் உருதுவில் வேண்டாமென்றார். பிறகு, "என்னை ஊரை விட்டு அனுப்பறதுல உனக்கு இவ்ளோ அவசரமா?" என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

அவர் போகக் கூடாது என்று என்னைவிட நினைத்தவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை. அதை நான் சொல்லவில்லை.

அவர் அந்தப் பங்கை வாங்கவில்லை. வேறு பங்கும் தேடவில்லை. கோடைக்கு முன் வீடு விலைபோனது. சாமான் ஏற்றிய அன்று என்னிடம் ஒரு குக்கரைக் கொடுத்து, "அங்க ரெண்டு இருக்கு," என்றார்.

அடுத்த ஆண்டு முடிவுகள் வந்தன. கம்பெனியின் லாபம் பங்குக்கு ஒரு ரூபாய்தான். விலை பாதியாக விழுந்தது. புனேக்குப் போன் செய்தேன்.

"ஹவ், ஆமா, தெரியும். தினம் பாத்துட்டுத்தான் இருக்கேன்," என்றார். "பணம் தப்பிச்சுது."

"ஆமாக்கா."

பேத்தி எதற்கோ அவரை இந்தியில் கூப்பிட்டாள். இந்தியிலேயே பதில் சொல்லிக்கொண்டு எழுந்துபோனார். போனை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. அந்த வீட்டில் தொலைக்காட்சி ஓடும் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நான் வைத்தேன்.