மருந்து அலமாரியின் இருபத்து மூன்று நிமிடம்

என் அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் நொடியம்மா. வீட்டிலும் அவள் காதில் விழாமல் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். விழுந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள், உள்ளூரப் பெருமைதான்.

அவளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு விளக்கி விளக்கி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் எழுநூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர்கள், ஸ்கேன் இயந்திரங்கள், அட்டையைக் காட்டினால் திறக்கும் மருந்து அலமாரிகள். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு கடிகாரம். ஒவ்வொன்றும் தன் போக்கில் நாளுக்கு ஒன்றிரண்டு நொடி முந்தும் அல்லது பிந்தும். கண்டுகொள்ளாமல் விட்டால், ரத்தம் எடுப்பதற்கு முன்பே பரிசோதனை முடிவு வந்துவிட்டதாகப் பதிவாகும். அதனால் மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனா. அது செயற்கைக்கோளிடமிருந்து சரியான நேரத்தை வாங்கி, அண்ணியின் அறையிலுள்ள தலைமைக் கடிகாரத்துக்குக் கொடுக்கும். மற்றவை எல்லாம் அதனிடம் மணி கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ளும். கேட்ட கேள்விக்குப் பதில் வந்து சேர ஆகும் நேரத்தைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்றால் பாருங்கள்.

"முந்தி ஓடுற கடிகாரத்தப் பிடிச்சுப் பின்னால இழுக்கக் கூடாது," என்பாள் அண்ணி. "கொஞ்சம் மெதுவா நடன்னு சொல்லணும். மத்தது வந்து சேந்துக்கும்."

இந்தப் பொறுமை என் அண்ணனிடம் மட்டும் செல்லாது. தன் கல்யாணத்தைப் பதிவு செய்யவே நாற்பது நிமிடம் பிந்தி வந்த மகானுபாவன் அவன். எங்கே கிளம்புவதானாலும் அவனுக்கு அரைமணி முன்னதாகத்தான் நேரம் சொல்வாள். பதினான்கு வருடமாக அவன் அதைக் கண்டுபிடிக்கவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் தெரியும், ஆனால் வாயைத் திறக்க மாட்டோம்.

நானும் அதே ஆஸ்பத்திரியில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். அதனால் அந்த வாரம் நடந்ததை முழுக்கப் பார்த்தேன்.

மூன்றாவது மாடி வார்டில் ஒரு நர்ஸ். ஆறு வருட சர்வீஸ், அதிர்ந்து பேசத் தெரியாத பெண். அவள் மேல் ஒரு குற்றச்சாட்டு வந்தது. கடுமையான வலிக்குப் போடும் ஊசி மருந்தை டாக்டர் எழுதுவதற்கு முன்பே அலமாரியிலிருந்து எடுத்துவிட்டாள் என்று. டாக்டர் கம்ப்யூட்டரில் எழுதியது மூன்று மணி நான்கு நிமிடம். அவள் தன் அட்டையைக் காட்டி அலமாரியைத் திறந்தது இரண்டு நாற்பத்து மூன்று. அலமாரியே அப்படிப் பதிவு செய்திருந்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மருந்தை உத்தரவில்லாமல் தொட்டால் வேலை போய்விடும், வேறு எங்கேயும் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். ஊசி போட்டது மூன்று பத்துக்கு என்று அவள் சீட்டில் எழுதியிருந்தாள். பின்னால் சேர்த்து எழுதியிருப்பாள் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

கோப்பில் அவளுக்கு எதிரான கடைசித் தாள் என் அண்ணி கையெழுத்திட்டது. எல்லாக் கடிகாரங்களும் ஒரு நொடிக்குள் ஒத்துப்போகின்றன என்று மாதாமாதம் அவள் கொடுக்கும் சான்றிதழ். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

புதன்கிழமை அந்தப் பெண் எங்கள் பிரிவுக்கு வந்து, தன் கோப்பின் நகலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதாள். எனக்கு மனசே ஆறவில்லை. சாயங்காலம் சாப்பிடும்போது அண்ணியிடம் சொன்னேன்.

"பாவம்தான். ஆனா மெஷினுக்கு யார் மேலயும் விரோதம் கிடையாது," என்றாள், குழம்பை ஊற்றிக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மெஷினுக்கு இல்ல, சரி. மனுஷிக்குக் கொஞ்சம் இரக்கம் இருக்கலாம். பார்வையாளர் மணி அடிச்சு, வார்டு பூரா ஆளுங்க வந்ததுக்கு அப்புறம்தான் திறந்தேன்னு அவ தலைல அடிச்சுக்கிறா. அத யாரும் காதுல வாங்கல."

அண்ணியின் கை தட்டிலேயே நின்றது. "மணி அடிச்சப்புறமா? அப்படியா சொன்னா?"

பார்வையாளர் மணி மூன்றுக்கு அடிக்கும். அதை அடிப்பது அவளுடைய தலைமைக் கடிகாரம். அதற்குப் பிறகு அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனாள். சுவர்க் கடிகாரம் ஒன்பது பன்னிரண்டு காட்டியது. அதற்கு நேர் கீழே மருந்து அலமாரியின் சின்னத் திரையில் எட்டு நாற்பத்து ஒன்பது.

அவளுக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. அந்த வார்டுக்கு வண்ணம் பூசும்போது நான்கு நாள் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். அலமாரிக்குள் இருந்த பேட்டரி நோஞ்சானாகி, அதன் கடிகாரம் தள்ளாடிப் பின்தங்கிவிட்டது. ஒன்றிரண்டு நொடி என்றால் தானே திருத்திக்கொள்ளும். இவ்வளவு பெரிய வித்தியாசம் என்றால் எது சரி என்று சந்தேகப்பட்டு அப்படியே நின்றுவிடும், அண்ணியின் திரைக்கு எச்சரிக்கை மட்டும் அனுப்பும். வண்ணம் பூசுகிறவர்கள் ஒயரைப் பிடுங்கும்போதெல்லாம் கத்தித் தொலைக்கிறதே என்று அந்த வார்டின் எச்சரிக்கையை அண்ணியே தன் கையால் அடைத்து வைத்திருந்தாள். வேலை முடிந்ததும் திறந்துவிட மறந்துபோனாள். பதினோரு நாளாயிற்று. மாதக் கடைசியில் திரை முழுக்கப் பச்சையாக இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

திரையின் ஓரத்தில் நேரத்தைச் சரிசெய்யும் பொத்தான் இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். நான்தான் அவள் காதோடு சொன்னேன்: "சரி பண்ணிடுங்க அண்ணி. யாருக்குத் தெரியப்போகுது? அவள வேற வழில காப்பாத்திக்கலாம்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "இதத் தொட்டா அவளுக்கு இருக்கிற ஒரே சாட்சியும் போயிடும்டி," என்றாள். சுவர்க் கடிகாரமும் அலமாரியும் ஒரே படத்தில் விழும்படி போனில் எடுத்தாள். பிறகு கண்காணிப்பாளரை அழைத்துவர என்னை அனுப்பிவிட்டு, அவர் வரும்வரை யாரும் அதைத் தொடாதபடி மறித்துக்கொண்டு நின்றாள்.

பதினொரு மணிக்கு விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் அந்த நர்ஸ். கோப்புகளைச் சுமந்துவந்த சாக்கில் நானும் ஓரமாக நின்றேன். அண்ணி எதையும் மென்று விழுங்கவில்லை. எச்சரிக்கையை அடைத்தது, மறந்தது, பார்க்காமல் கையெழுத்துப் போட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

"உங்க கையெழுத்த நம்பித்தானே இந்தப் பொண்ண வெளிய அனுப்ப இருந்தோம்," என்றார் கண்காணிப்பாளர்.

"ஆமா சார். அதனாலதான் வந்தேன்."

அந்த நிமிடம் அவள் என் அண்ணி என்பதில் எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. அண்ணனுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது, அவனுக்குத்தான் தெரியவில்லை.

இரண்டு நாற்பத்து மூன்றோடு இருபத்து மூன்றைக் கூட்டினால் மூன்று ஆறு. டாக்டர் எழுதி இரண்டு நிமிடம் கழித்து. நர்ஸ் மேல் தப்பில்லை என்று அங்கேயே எழுதினார்கள். அண்ணிக்கு ஒரு மெமோ. இனிமேல் சான்றிதழில் இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் முடிவானது. அவள் தலையாட்டினாள்.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதினாள். கடைசியில் கையெழுத்து, தேதி, நேரம். அவள் தலைக்கு மேலேயே சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, அவளுடைய தலைமைக் கடிகாரத்திடம் கேட்டு ஓடுவது. அதை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"இப்ப மணி என்னம்மா?"

அந்தப் பெண் திகைத்துப்போய்த் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினொண்ணு நாப்பத்தெட்டு மேடம்."

சுவரில் பதினொன்று நாற்பத்து ஆறுதான். எனக்கே தெரிந்தது, அண்ணிக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் பதினொன்று நாற்பத்து எட்டு என்று எழுதி, தாளை நீட்டினாள்.