நப்தலீன் போத்தலில் சூடம்

அவள் கண் பார்த்தது சரி. பிழை என் போத்தலில் இருந்தது. அது தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வழக்கம்போல வேறெதையாவது பேசி உங்களையும் ஏமாற்றிவிடுவேன்...

மாத்தளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் இரசாயனவியல் கற்பிப்பவள் நான். உயர்தர வகுப்பில் யோகேஸ்வரி என்றொரு பிள்ளை இருந்தாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். பெறுபேறு சற்றுக் குறைவு என்பதால் விஞ்ஞானப் பிரிவில் அவளைத் தற்காலிகமாகத்தான் சேர்த்திருந்தார்கள். அவள் தொடர்வதா இல்லையா என்பதைத் தவணை முடிவில் நான் சொல்ல வேண்டும் என்றிருந்தார் அதிபர்.

அன்று உருகுநிலைச் செய்முறை. பூச்சி உருண்டை செய்கிற நப்தலீனைப் பொடித்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, வெப்பமானியோடு கட்டி, நீரில் வைத்துச் சூடேற்ற வேண்டும். எப்போது உருகுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். எண்பது பாகை என்று புத்தகத்திலேயே இருக்கிறது. வகுப்பே எண்பது என்று எழுதியது. யோகேஸ்வரி மட்டும் அறுபத்தெட்டில் தொடங்கி எழுபத்து நான்கில் முடிந்தது என்று எழுதியிருந்தாள்.

"கண்ணு தெரியலையா உனக்கு?" என்றேன்.

"மூணு தரம் பார்த்தேங்க மிஸ். அப்படித்தான் உருகுது. இதுல சூடம் மணக்குதுங்க மிஸ்."

"சூடம் மணக்க இது என்ன கோயிலா? படிக்க வந்தியா, சாமி கும்பிட வந்தியா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது! அதையும் எழுதத்தான் வேண்டும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் எழுதியதை அழிக்கவில்லை. அந்தப் பிடிவாதம்தான் என்னை எரித்தது. 'அவதானம் போதாது, விஞ்ஞானத்துக்குப் பொருத்தமில்லை' என்று அதிபரிடம் சொன்னேன். அவளைக் கலைப் பிரிவுக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் பாடசாலைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

அவளை மாற்றிய அடுத்த வாரம் ஆய்வுகூடத்து அலுமாரியை ஒழுங்குபடுத்தினேன். நப்தலீன் போத்தலைத் திறந்ததும்... சூட மணம்!

சரஸ்வதி பூசையை நாங்கள் ஆய்வுகூடத்தில்தான் வைப்போம். போத்தல்களுக்கும் தராசுக்கும் பொட்டு வைத்து, சூடம் காட்டி, சுண்டல் கொடுப்போம். அந்த வருடம் பூசை முடிந்து மேசையைத் துடைத்தவள் நான். கண்ணாடித் தட்டில் வெள்ளைத் துண்டுகள் கொஞ்சம் கிடந்தன. பக்கத்தில் நப்தலீன் போத்தல். நப்தலீன்தான் சிந்திக் கிடக்கிறது, வீணாக்குவானேன் என்று நானேதான் அதில் கொட்டி மூடினேன்.

ஒரு தூய பொருளில் வேறொன்று கலந்தால் அது முன்னதாகவே இளகத் தொடங்கி, இழுத்து இழுத்து உருகும். இதைக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியவளும் நான்தான். வெட்கமாக இல்லையா என்று கேட்கிறீர்களா? கதவைச் சாத்திவிட்டு நானே உருகுநிலை பார்த்தேன். அறுபத்தெட்டில் ஈரம் கண்டது. எழுபத்து நான்கில் தெளிந்தது.

அதே போத்தலிலிருந்துதானே எல்லோரும் எடுத்தார்கள்? அப்படியானால் எண்பது என்று எழுதியவர்கள் எதைப் பார்த்தார்கள்? புத்தகத்தைப் பார்த்தார்கள். பொய் எழுதியவர்களுக்கெல்லாம் சரி போட்டேன். பார்த்ததை எழுதியவளைத் துரத்தினேன். அன்று எண்பது எழுதிய ஒருவன் இப்போது டவுனில் இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறான். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

அதிபரின் அறை பத்து அடி தூரத்தில் இருந்தது. போகவில்லை. போத்தலைக் கொட்டினேன், கழுவினேன், வெயிலில் காயவைத்தேன். இத்தனை வருட அனுபவமுள்ள ஆசிரியை சூடத்துக்கும் நப்தலீனுக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று ஊர் சிரிக்குமே... அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். அவ்வளவுதான் காரணம்! பெரிதாக ஒன்றுமில்லை.

போன மாதம் ஆசிரியர்கள் சேர்ந்து சீகிரியாவுக்குப் போனோம். சாப்பிடப் போன ஹோட்டலில், கை நிறையத் துவாய்களோடு அங்கே வேலை செய்யும் ஒரு பெண் என் முன்னால் நின்றாள்.

"மிஸ்! என்னைய ஞாபகம் இருக்கா? யோகேஸ்வரி."

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"அன்னைக்கு நான்தான் பிழையா பார்த்திருக்கேன் மிஸ். உங்களையும் எதிர்த்துப் பேசிட்டேன். இப்பவும் அப்படித்தாங்க. துவாய் எண்ணினாக்கூட இன்னொருத்தர பார்க்கச் சொல்லிருவேன். என் கண்ண நம்ப முடியாதுங்க மிஸ். ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க."

பக்கத்தில் என்னோடு வந்த ஆசிரியைகள் நின்றிருந்தார்கள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"பரவாயில்லம்மா. அப்ப நீ சின்னப் பிள்ளைதானே" என்றேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கேட்டீர்களா... நான் அவளை மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன்!